கறுப்புப் பெயிண்ட்டுக்கு அடியில்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவனுக்கு முதலில் உறுத்தியது அந்தக் குழாயின் சூடுதான். காலையிலிருந்து ஷெட்டைவிட்டு நகராத வண்டி, அடிச்சட்டம் ஐஸாய்க் குளிர்ந்து கிடந்தது, ஆனால் பிரேக் ஆயில் போகும் குழாய் மட்டும் காய்ச்சல்காரனின் கழுத்துபோல் சுட்டது.

பழைய கார்களை வாங்கி விற்கும் அவனுக்குப் பட்டப்பெயர் பாலிஷ். எந்த ஓட்டை வண்டியையும் பளபளப்பாக்கித் தள்ளிவிடுவான். இந்தக் காரின் பழைய சொந்தக்காரர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் செத்துப்போனார். அதன்பிறகுதான் அடிமாட்டு விலைக்கு வாங்கி, துருப்பிடித்த குழாயின் மேல் கறுப்புப் பெயிண்ட்டை இழுத்துவிட்டான். இன்று சாயங்காலம் வண்டியை எடுத்துப்போக வருவது அவன் தங்கை, இரண்டு பிள்ளைகளோடு.

“சொந்தத் தங்கச்சிக்குக் கொடுக்கிற வண்டிங்க. அந்தக் குழாயை மாத்திடுங்களேன்” என்றாள் மனைவி.

“காத்தை எடுத்தாப் போதும். நீ ஏறி உக்காரு.”

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் மிதிக்க, கீழே இருப்பவர் சக்கரத்தருகே நட்டைத் தளர்த்தி மூட வேண்டும்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“விடு.”

ஒவ்வொரு மிதிக்கும் பெயிண்ட் உப்பி அடங்கியது. விரலால் தொட்டான். புண்ணின் பொருக்குபோல் ஈரமாகக் கழன்று வந்தது. உள்ளே துரு நைந்து கொழகொழத்தது. மீன் கழுவிய தண்ணீரில் இருமல் மருந்தைக் கொட்டியதுபோல் ஒரு வாடை. கையைச் சட்டையில் துடைத்தான், சட்டையே அருவருப்பாகிவிட்டது.

“உங்க தங்கச்சி வந்துட்டா. கேட்டைத் திறந்துட்டு வரேன்.”

மனைவி இறங்கினாள். அவள் செருப்புச் சத்தம் வாசல்வரை போய் நின்றது.

குழாய் உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

அவன் அமுக்கச் சொல்லவில்லை. மேலே ஆளும் இல்லை. ஆனாலும் பெடல் கிறீச்சிட்டது. விடாமல். அவசர அவசரமாக.

டிரைவர் கால் வைக்கும் தகரத்தில் துரு தின்ற ஓட்டை ஒன்று. டார்ச்சை உயர்த்தினான்.

ஒரு குதிகால்.

ஊதி வெளுத்த குதிகால். தோல் பெடலோடு ஒட்டிக்கொண்டு, தூக்கும்போதெல்லாம் செதில் செதிலாக உரிந்தது. ஒரு செதில் ஓட்டை வழியே விழுந்து அவன் உதட்டில் ஒட்டியது. துரு ருசி. கத்த வாயைத் திறந்தான்.

குழாய் வெடித்தது.

வாய் நிறைய ஆயில். தொண்டை எரிந்தது. குரல் வரவில்லை.

“அண்ணா, நான் ஏறிப் பாக்கட்டுமா?”

“மாமா, முன்சீட்டு எனக்கு.”

வேண்டாம். ஏறாதே. காறிக் காறித் துப்பினான். துரு மட்டும்தான் வந்தது.

கதவு திறந்தது. சீட்டு அழுந்தியது. குதிகால் மெல்ல நகர்ந்து இடம் கொடுத்தது.

தங்கையின் செருப்பு பெடலில் பதிந்தது. அந்த வெளுத்த கால் செருப்பின்மேல் ஏறி, ஒட்டிக்கொண்டது.