பட்டினி மருந்து

செல்போன் அலறியது!

“மேடம்... ஐ.சி.யூ. நர்ஸ் பேசறேன். உங்க தம்பி கட்டிலுக்கு அடியில ஒரு காலி பாட்டில் கிடந்துச்சு. உங்க லேப் லேபிள்!”

“தம்பி...?”

“மயக்கத்துலதான் இருக்கார். டாக்டருங்க உள்ளே கதவைச் சாத்திட்டாங்க. போலீஸ் வந்தாச்சு!”

அவள் லேப் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மருந்து இல்லை! உலகத்திலேயே இருந்தது அந்த ஒரு பாட்டில்தான்.

எதற்கும் மசியாத கிருமி ஒன்று தம்பியின் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. தான் கண்டுபிடித்த மருந்தைக் கொடுக்க அனுமதி கேட்டு, லேப் மேனேஜர் காலில் விழாத குறை. ‘எலியோட நிறுத்திக்கோங்க’ என்று முடித்துவிட்டார் அந்த மகானுபாவர்.

ஐ.சி.யூ. வாசலில் இன்ஸ்பெக்டர். பக்கத்திலேயே மேனேஜர்!

“நான் அனுமதி தரலைன்னு திருட்டுத்தனமா கொடுத்துட்டா சார்! என்சைமை முடக்கற விஷம் அது. கூடப்பிறந்தவனையே கொன்னுட்டா!”

“ஐயோ, நான் தொடவே இல்ல சார்! அவனை ஒரு தடவை பாக்க விடுங்க...”

“நடிக்காதே! நேத்து சாயங்காலம் டிரிப்ல முழுசையும் ஏத்திட்டு...”

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“காலி பாட்டில்னுதானே நான் சொன்னேன்? டிரிப், சாயங்காலம்... இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?”

மேனேஜர் மெல்ல நழுவப் பார்த்தார்.

காலரைப் பிடித்ததும் உண்மை கொட்டியது. மருந்தின் ரகசியத்தைப் போட்டிக் கம்பெனிக்கு விற்றாயிற்று. அவர்கள் முந்திக்கொள்ள, இவள் ஆராய்ச்சிக்கு மூடுவிழா நடத்த ஒரு பிணம் வேண்டும்!

“என்னைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்? இந்நேரம் அவன் போயிருப்பான்!”

அவள் ஐ.சி.யூ. கதவை நோக்கி ஓடினாள்.

கதவு திறந்தது. நர்ஸ்!

“மேடம்! காய்ச்சல் இறங்கிடுச்சு... கண்ணைத் திறந்து ‘அக்கா எங்கே’ன்னு கேக்கறார்!”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

“அந்த என்சைம் கிருமிக்கு மட்டும்தான் சார் உண்டு! லைசின்னு ஒரு அமினோ அமிலம். அந்த என்சைமை வச்சுத்தான் கிருமி அதைத் தானே தயாரிச்சுக்கும். நாம சாப்பாட்டுலேர்ந்து எடுத்துக்கறோம். தயாரிப்பை நிறுத்தினா கிருமிதான் பட்டினியில சாகும்... தெரிஞ்சும் பயந்துட்டேன். மனுஷங்க யாருக்கும் இதுவரைக்கும் கொடுத்ததில்லையே!”

மேனேஜர் அந்த ரகசியத்தை விற்பதற்கு முன் ஒரு பக்கமாவது படித்திருக்கலாம்!

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

“என் சர்வீஸ்லயே, கொலை பண்ணப் போய் வைத்தியம் பார்த்துட்டு வந்த ஆளை இப்பதான் பாக்கறேன்... ஏறுங்க டாக்டர், ஜீப்ல!”