புதுக்கோழி பழகும்வரை

காலையில் கதவு திறக்கவில்லை.

உள்தாழ்ப்பாளை விலக்கியாயிற்று. தோளைக் கொடுத்துத் தள்ளியபோது வெளிப்பக்கம் இரும்போடு இரும்பு முட்டும் சத்தம்தான் கேட்டது. வெளியே யாரோ கொண்டி போட்டிருந்தார்கள்.

"யாருங்க அது, வெளையாடறது?" என்றார் குமாரசாமி.

கேள்வியாக ஆரம்பித்து உத்தரவாக முடிகிற குரல் அது. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நிர்வாக மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து சேர்வதற்குள் கதவுகள் திறந்திருக்கும். திறக்கிறவனின் முகத்தை அவர் பார்த்ததில்லை. ஆகவே சாத்திய கதவின் முன்னால் எப்படி நிற்பது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கு வந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

வெளியே கூண்டில் கோழிகள் முனகிக்கொண்டிருந்தன. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து பனி சொட்டியது. அதற்கும் அப்பால், தேயிலைச் சரிவு முழுவதையும் மூடுபனி போர்த்திக்கொண்டு கிடக்கும்போது நீலகிரி ஓவேலியில் கேட்குமே, ஒன்றுமே இல்லாத ஒரு சத்தம், அது மட்டும்.

காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி தள்ளினார். பலம் கொடுக்காமலே கதவு திறந்துகொண்டது. கொண்டி வளையத்தை விட்டு விலகித் தொங்கியது. ராத்திரி மழையில் முற்றத்து மண் மாவாகக் குழைந்து கிடந்தது. அதில் ஒரு காலடித் தடமும் இல்லை.

கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் அழகையாவின் மேல்தான் சந்தேகம் போனது. அந்த வாரம்தான் அவரிடம் கோழி வாங்கியிருந்தார். சிறுபிள்ளையில் கண்டியிலிருந்து கப்பலேறி வந்த அழகையா, தன்னிடம் இருப்பது மட்டுமே சுத்த நாட்டுக்கோழி, கூடலூர் வரைக்கும் மற்றதெல்லாம் கலப்படம் என்று சத்தியம் செய்தார். அவற்றில் பாதி, கழுத்தில் மயிரில்லாமல், எந்த நாட்டோடும் ஒட்டாமல் நின்றன. ஆனாலும் அழகையா அவரைத் "தொரை" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு குமாரசாமி கோழியின் கழுத்தைப் பார்க்கவில்லை.

கோழி வருவதற்கு முன்பே வாசலில் 'கே.எஸ். ஹைலேண்ட் ஃபார்ம்ஸ்' என்று போர்டு வந்துவிட்டது. பண்ணை ஒன்றுதான், பெயரில்தான் பன்மை. எஸ்டேட் கிளார்க் குடியிருந்த பழைய வீடு அது. வாங்கிய கையோடு குரங்குகளுக்குப் பயந்து ஜன்னல்களுக்கெல்லாம் கனமான இரும்பு வலை அடித்தார். மிச்ச வலையில் கோழிக்கூண்டு கட்டினார். வாஸ்து பார்க்கிறவர் சொன்னார் என்று பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்.

"புதுக்கோழிய ஒடனே அவுத்து விட்றாதீங்க தொரை," என்று அன்றைக்கு அழகையா சொன்னார். "உள்ளுக்கே தீனி, உள்ளுக்கே தண்ணி. பழைய எடத்தத் தேடும். கத்தும். பேசாம விட்டுறணும். அப்புறம் நீங்களே வெரட்டுனாலும் போகாது."

"இத எனக்குச் சொல்றீங்களா?" குமாரசாமி சிரித்தார். "எங்க மில் ஹாஸ்டல்ல எத்தன புள்ளைங்கன்னு நெனச்சீங்க? எல்லாம் தெக்கருந்து வர்றதுங்க. புதுசா வந்தா கேட் பாஸ் கெடையாது, போன் கெடையாது. மொதல்ல அழுகும். அப்பறம் லீவு குடுத்தாக்கூட ஊருக்குப் போறதுக்கு யோசிக்குமுங்க. என்ற சர்வீஸ்ல ஒண்ணு ஓடுனதில்ல."

அழகையா மரியாதைக்கு வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டார்.

"இந்த ஊட்டுல முன்ன இருந்தவங்க எப்படிங்க?"

"கிளாக்கையா குடும்பமா? தங்கமான மனுசங்க தொரை. வம்புதும்புக்கு வரமாட்டாங்க."

"எங்க போய்ட்டாங்க?"

"எங்கயும் போகலையே." அழகையா சேவலின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். "வெளியவே வரமாட்டாங்க. ஒரு நாளு எட்டிப் பாத்தா, ஆளுங்க இல்ல. சோறு மட்டும் வடிச்சு வச்சிருந்திச்சு."

இப்போது அந்த அழகையாவை வரவழைத்து, கதவை ஏன் சாத்தினீர் என்று விசாரித்தார்.

"ஒங்க கதவ நான் எதுக்கு தொரை சாத்துறேன்? என் ஊட்டுக் கதவையே எம்பொஞ்சாதிதான் சாத்துது. நான் எந்தப் பக்கம் இருக்கேன்னுகூடப் பாக்குறதில்ல."

இந்தப் பதிலில் மரியாதை ஒரு சுற்றுக் குறைவாக இருப்பதாகக் குமாரசாமிக்குப் பட்டது. ஆளை அனுப்பிவிட்டு, திருப்புளி எடுத்து வெளிக்கொண்டியைக் கழற்றிச் சமையலறை அலமாரியில் வைத்தார். நிர்வாகம் என்றால் அதுதான். பிறகு வாசல் கேட்டை ஒட்டியிருந்த சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனார். அங்கே நின்றால்தான் போனில் சிக்னல் எடுக்கும். மனைவி அம்சவேணியைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம பேத்தியக் கூட்டியா. இயற்கைன்னா என்னன்னு கொழந்தைக்குத் தெரியோணும்."

"ஏனுங்க, இங்கயும் முருங்கை மரம் இருக்குதுங்க."

"சொன்னதச் செய்யி."

"சரிங்க, வர்றோம். ரெண்டு நாளைக்கு மேல இருக்கச் சொல்லாதீங்க. அவ அம்மா விடமாட்டா."

மறுநாள் காலையில் கதவு திறக்கவில்லை.

தள்ளினார். இரும்போடு இரும்பு முட்டியது. சமையலறைக்கு ஓடி அலமாரியைப் பார்த்தார். கொண்டி அங்கேதான் இருந்தது, நான்கு திருகாணிகளோடு. திரும்பி வந்து, இந்த முறை மெதுவாக, காதைக் கதவில் வைத்துக்கொண்டு தள்ளினார். முட்டியது.

அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. கரண்டும் போயிற்று. அவர் ஜன்னல் வலைகளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். நல்ல வலை, பேரம் பேசி வாங்கிய உறுதியான சரக்கு. திருகாணிகள் எல்லாம் வெளிப்பக்கம். செங்கல் சுவரில் காலால் உதைத்தார். அதையும் அவர் நன்றாகவே கட்டச் சொல்லியிருந்தார்.

மழைக்கு நடுவே, கறுப்புக் குடையோடு அழகையா ரோட்டில் போவது தெரிந்தது. குமாரசாமி வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். அழகையா நின்றார். குடையைச் சாய்த்து, வீட்டை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஏதோ புரிந்துகொண்டவர் போலத் தலையை ஆட்டிவிட்டுத் தன் வழியே இறங்கிப் போனார்.

சாயங்காலம் மூடுபனி ஏறும் நேரத்தில் வீட்டைச் சுற்றி ஒரு சத்தம் கேட்டது. உதடுகளை ஒட்டி எடுத்து, கோழிகளைக் கூப்பிடுவார்களே, அப்படி. ப்பா... ப்பா... ப்பா... ஆணின் குரலும் இல்லை, பெண்ணின் குரலும் இல்லை. அவசரமே இல்லாத குரல். வாசலில் தொடங்கி, சமையலறைப் பக்கம் வளைந்து, படுக்கையறை ஜன்னலைக் கடந்து, மறுபடி வாசலுக்கு வந்தது. மழையில் நனைந்த இறகின் வாடையும் புளித்த தவிட்டு வாடையும் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தன.

கூடத்து மூலையில், தரையோடு தரையாக, ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. நிறையக் குருணைச் சோறு. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவர் தொடவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது. மறுநாள் மத்தியானம், வீட்டில் இருந்த பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு, தட்டை எடுத்து மேசையில் வைத்து, துண்டு விரித்து, கரண்டியால் சாப்பிட்டார். அதற்கடுத்த வேளைக்குக் கரண்டி தேவைப்படவில்லை. அதற்கும் அடுத்த வேளை மேசையும் தேவைப்படவில்லை. மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து, வேகவேகமாக.

இடையிடையே பேத்தியின் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை. குழந்தை இந்த வாசற்படி ஏறக்கூடாது. எப்படியாவது அம்சவேணிக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒன்றை மட்டும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு நாள் அந்தி மயங்கும்போது நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஜன்னல்கள் வெளுத்து, பிறகு சாம்பலாகி, பிறகு இல்லாமல் போயின. கூப்பிடும் சத்தம் வீட்டைச் சுற்றியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நின்றது.

இப்போது உள்ளே கேட்டது.

அவர் அசையவில்லை. இருட்டில் ஒரு கை, குளிர்ந்த கை, அவருடைய சட்டைக்கு மேலே நெஞ்சில் பட்டது. கட்டை விரல் மட்டும் நெஞ்செலும்பின் மேல் நுனியில் நின்றது. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கியது. இருபுறமும் சதையை அழுத்திப் பார்த்தது.

அவருக்கு அந்த அழுத்தம் தெரியும். புதிதாக வந்த ஒவ்வொரு கோழியையும் அவரே அப்படித் தடவியிருந்தார். எலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டினால் இன்னும் தீனி போட வேண்டும். எலும்பு தெரியாமல் சதை மூடியிருந்தால், சரி.

கை கொஞ்சம் யோசித்தது. பிறகு எடுத்துக்கொண்டது.

மறுநாள் தட்டில் சோறு குவிந்திருந்தது. மேலே வேகவைத்த முட்டை.

அழுதார். அழுதுகொண்டே தின்றார்.

மழை விட்ட ஒரு பகலில் முற்றத்தில் கோழிகள் மேய்ந்துகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கூண்டு திறந்து கிடந்தது. அவர் திறக்கவில்லை. ஒன்றுகூட வேலி தாண்டவில்லை. வேலி ஓரம் வரை போய், தாமாகவே திரும்பி வந்தன. அப்புறம்தான் பார்த்தார். வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

ஓடினார். செருப்பில்லாமல் சேற்றில் ஓடி, சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனார். போனில் கொஞ்சம் உயிர் இருந்தது. மணி அடித்தது. அம்சவேணி எடுத்தாள்.

"ஏனுங்க, எத்தன வாட்டி கூப்புடறது? எங்க போய்ட்டீங்க?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. வராதே. குழந்தையைக் கூட்டிவராதே. சரிவிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் லேசாக மங்கியது.

ப்பா... ப்பா... ப்பா...

"சொல்லுங்க. கேக்குதா? ஏனுங்க?"

அவர் கால்கள் திரும்பியிருந்தன. கை போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டது. கோழிகள் வரிசையாகக் கூண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவர் வீட்டை நோக்கிப் போனார். வாசற்படி ஏறியதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதுதான் அவரை நடுங்க வைத்தது. அந்த நிம்மதி.

பிறகு கதவு எல்லா நேரமும் திறந்தே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பனி நிறைந்த பிற்பகலில் டாக்சி வந்து நின்றது. குமாரசாமி வாசற்படியில் நின்றிருந்தார். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறார், காலையிலிருந்து அதையேதான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். எறங்காதீங்க. வண்டியத் திருப்புங்க. எறங்காதீங்க.

டிரைவர் பையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். சிவப்பு ஷூ போட்ட குழந்தை ஷண்முகப்ரியா, கேட்டைத் தள்ளிக்கொண்டு, "அப்பிச்சி!" என்று தாத்தாவைக் கூப்பிட்டபடி ஓடி வந்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவே முற்றம் மட்டும். ஒரு படி இறங்கினால் போதும். வாயைத் திறந்தால் போதும்.

திறந்தார்.

"உள்ள வா கண்ணு. வெளிய குளிருது பாரு."

குரல் அவருடையதுதான். கனிவாகவும் இருந்தது.

"போன் பண்ணிப்போட்டுப் பேசாம வெச்சுப்போட்டீங்க," அம்சவேணி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினாள். "என்னமோ ஏதோன்னு பதறிட்டு வந்தா, கன்னமெல்லாம் உப்பி மாப்பிள்ளையாட்டம் நிக்கறீங்க. யாருங்க ஆக்கிப் போடறது?"

அவள் அடுப்படியைப் பார்க்க உள்ளே போனாள். குழந்தை கூடத்துக்குள் ஓடினாள். ஜன்னல்களில் பனி வந்து அப்பியது. அறை சாம்பல் நிறமானது. குமாரசாமி கதவைச் சாத்தினார். யாரும் சாத்தச் சொல்லவில்லை. சாத்திவிட்டு, இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கதவுப் பக்கமே வைத்துக்கொண்டு நின்றார்.

முதுகுக்குப் பின்னால் குழந்தை சிரித்தாள்.

"ஐய, உங்க கை சில்லுன்னு இருக்குது அப்பிச்சி."

நனைந்த இறகு வாடை.

"போதும் அப்பிச்சி, எறக்கி உடுங்க."

"கொழந்தைய எறக்கி உடுங்க," சமையலறையிலிருந்து அம்சவேணி. "வண்டியில வந்தது, வாந்தி எடுத்துப் போடுவா."

குமாரசாமி தலையை மட்டும் திருப்பினார். கூடத்தின் மறுகோடியில், மங்கலில், தரைக்கு ஒரு முழம் மேலே இரண்டு சிவப்பு ஷூக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவை கொஞ்சம் மேலே போயின. கொஞ்சம் கீழே வந்தன. கையில் தூக்கி எடை பார்க்கிறவர்கள் அப்படித்தான் ஏற்றி இறக்குவார்கள்.

மறுபடி மேலே போயின.