மேஜர் அருள்விழி பயந்த கதை

“உனக்கு என்னலே பயம்?”

செவ்வாய்க் கிரகத்தின் உயிர்வளி ஆலையைக் கூலிப்படை பிடித்து வைத்திருந்தது. அதை மீட்கச் சுரங்கப் பாதையில் இறங்குமுன், தளபதி செல்லக்கனி தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுரங்கத் தொழிலாளிகளாக இருந்து படையாக மாறியவர்கள் அவர்கள். பயத்தை வாய்விட்டுச் சொல்லாதவரைக் குழிக்குள் இறக்குவதில்லை என்பது அவர்கள் வழக்கம்.

“கூரை எந்தலையில விழுந்துருமோன்னுதான்க்கா.”

“சரி, இறங்கு. நீங்க மேடம்?”

பூமி அனுப்பிய ராணுவ ஆலோசகர் மேஜர் அருள்விழி யோசித்துப் பார்த்தாள். “எனக்கு ஒரு பயமும் இல்லையே.”

எப்படி இருக்கும்? பூமியின் படைவீரர் எல்லோருடைய பிடரியிலும் அச்சமடக்கி பதித்திருந்தார்கள். கடுகளவு கருவி, மூளையில் பயம் முளைக்கும்போதே கிள்ளிவிடும். அதை அணைப்பது, ராணுவச் சட்டப்படி கோழைத்தனம் என்ற குற்றம்.

“அப்ப நீங்க வெளியவே நில்லுங்க. பயமில்லாத ஆளு பக்கத்துல நிக்கிறவனையும் சேத்துக் கொன்னுரும்.”

அருள்விழிக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான்!

கொஞ்ச நேரத்தில் உள்ளே குண்டு வெடித்துக் கூரை சரிந்தது. செல்லக்கனியின் கால் பாறைக்கடியில் மாட்டிக்கொண்டது. “அக்காவ விட்டுட்டு வரமாட்டோம்!” என்ற குரல்கள் வெளியே நின்ற அருள்விழியின் ரேடியோவில் கேட்டன. அருள்விழி வாய்ப்புகளைக் கணக்கிட்டாள். அத்தனை பேரும் சாவார்கள் என்று விடை வந்தது. நெஞ்சு பதறவே இல்லை. தன் யோசனையைக் கேட்டுப் போனவர்கள் செத்துக்கொண்டிருக்க, தான் மரக்கட்டை மாதிரி நிற்கிறோமே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளை, கோபத்தை அச்சமடக்கி அடக்காது. பிடரியை அழுத்தி அதை அணைத்தாள்.

பயம் வந்தது. கைகால் உதறியது. இந்த வழியையா தேர்ந்தெடுத்தேன், பாவி! அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். தலைக்கு மேல் மண் உதிர்ந்ததும் வெலவெலத்து நின்றாள். ஓரடி முன்னால் பாறை விழுந்தது. பயந்திருக்காவிட்டால் அங்கேயே சமாதி. அவள் முன்னால் நின்று சுட்டுக் கூலிப்படையைத் தடுக்க, மற்றவர்கள் பாறையைப் புரட்டிச் செல்லக்கனியை மீட்டார்கள். அந்த வேகத்திலேயே ஆலைக்குள் புகுந்து அதையும் பிடித்தார்கள்.

பூமியில் அவளுக்கு விசாரணை காத்திருந்தது. குற்றம், கோழைத்தனம். அணைத்தாலும் அச்சமடக்கி பயத்தை அளந்து பதிவதை நிறுத்துவதில்லை.

“பதிவுல உங்க பயம் உச்சத்துல இருக்கு, மேஜர். மறுக்கிறீங்களா?” என்று கேட்டார் பிரிகேடியர் தணிகைவேல்.

“எதுக்கு சார் மறுக்கணும்? நடுங்கினேன். நடுங்கிக்கிட்டேதான் போனேன். பதவியைப் பறிங்க, ஜெயில்ல போடுங்க. ஆனா உங்க கருவியை அணைச்சுட்டு அந்த முடிவை எடுங்க. ஒரே நிமிஷம் போதும். முடியுமா?”

“அதுக்கென்ன?” என்று பிரிகேடியர் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அதிகாரிகள் மேஜையைப் பார்த்தார்கள். எல்லோருடைய கருவியும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. யாருக்கும் துளி பயம் கிடையாது. ஆனாலும் ஒருவரும் அணைக்கவில்லை.

“நான் காத்திருக்கேன் சார்” என்றாள் அருள்விழி.