மூன்று கையெழுத்து, ஒரு கார்

"ஐயோ அப்பா! இன்னுமொண்டோ?"

மேசையில் மூன்றாவது கடிதத்தைக் கண்டதும் ஆனைஸுக்குப் பொறுமை போய்விட்டது. லா சப்பலில் அவர்கள் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதமெல்லாம் அவள் தலையில்தான் விழும். பத்து வயதுக்கு இது கொஞ்சம் அதிகந்தான்.

"வாசி பிள்ளை," என்றார் அப்பா ஸ்ரனிஸ்லாஸ்.

"என்னத்தை வாசிக்கிறது? இவையும் கார் வாங்கக் கடன் தரமாட்டினமாம்."

அடுப்படியில் அம்மா மரியகொறற்றி கரண்டியை டணாரென்று வைத்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு செய்யும் பெரிய சமையற்கூடத்தில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. ஆனால் விடிய நாலரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பத்து நாளுக்குள் கார் வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"நான் மூண்டு தரம் பெயிலாகி லைசென்ஸ் எடுத்தது சட்டம் போட்டு மாட்டவோ?" என்றார் அம்மா.

"எனக்கென்ன தெரியும்? சம்பளம் ஒழுங்கா வருது. ஒருத்தருக்கும் ஒரு சதம் கடனில்லை. பிறகேன் மறுக்கிறாங்கள்?"

ஆனைஸ் மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கார் விற்கும் கராஜ்களின் பெயர்கள் வேறு வேறு. ஆனால் மேலே இருந்த பச்சைச் சின்னம் ஒன்றுதான். முகவரியும் ஒன்றுதான்!

"அப்பா, எத்தினை கராஜிலை கையெழுத்து வைச்சனீங்கள்?"

"மூண்டிலை. மாதம் எவ்வளவு கட்டவேணுமெண்டு கேட்டன். கையெழுத்து வையுங்கோ, பாத்துச் சொல்லுறம் எண்டாங்கள். வைச்சன். கேக்கிறதுக்கு என்ன காசே?"

பார்த்தீர்களா இந்த மனிதரை! முருங்கைக்காய் வாங்கவே லா சப்பலில் நாலு கடை ஏறி இறங்குபவர் அவர். அதே பழக்கத்தைக் காரிலும் காட்டிவிட்டார்.

"அப்பா, கராஜ் மூண்டு. ஆனால் கடன் குடுக்கிற கொம்பனி ஒண்டு! ஒரே கிழமையிலை மூண்டு கார் கேட்டிருக்கிறியள்."

"நான் விலைதானே கேட்டன்!"

"நீங்கள் கேட்டது விலை. கையெழுத்து வைச்சது கடனுக்கு."

"ஒரு காருக்கே வழியைக் காணேல்லை, இவருக்கு மூண்டு கார்!" என்றார் அம்மா.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனைஸ் இன்னும் நாலு வார்த்தை சொல்லத்தான் இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

"சரி, வாங்கோ. போன் எடுப்பம்."

போனில் இருபது நிமிடம் பாட்டுத்தான் கேட்டது. பிறகு அது கட் ஆனது. மறுபடி எடுத்தால், முதலில் இருந்து அதே பாட்டு! ஆனைஸுக்குப் போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது. கடைசியில் ஒரு பெண் பேசினார். அப்பா தன் பெயரையும் பிறந்த திகதியையும் சொன்னார். மிச்சத்தை ஆனைஸ் பிரெஞ்சில் கேட்டாள்.

"ஒரு சம்பளத்தில் மூன்று கடனை எப்படிக் கட்டுவீர்கள் என்றுதான் மறுத்தோம்," என்றார் அந்தப் பெண்.

"எங்களுக்கு ஒன்று போதும், மதாம். வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். ஆனால் ஆளுக்கொரு காரில் போவதில்லை."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அப்படியென்றால் இரண்டு விண்ணப்பத்தை ரத்துச் செய்யச் சொல்லி எழுதி அனுப்புங்கள். மற்றதைத் திரும்பப் பார்க்கிறோம். அதுவரை வேறெங்கும் கையெழுத்து வைக்க வேண்டாம்."

ஆனைஸ் கடிதம் எழுதினாள். அம்மாவின் வேலை ஒப்பந்தத்தையும் கூட வைத்தாள். பேனையைக் கையில் எடுத்த அப்பா தயங்கினார்.

"இதிலையும் வைக்கலாமோ?"

"ஐயோ, இதிலை வையுங்கோ!"

ஒரு கிழமை தபால்பெட்டியைத் திறந்து திறந்து ஆனைஸுக்கு அலுத்துப்போனது. வெள்ளிக்கிழமை பதில் வந்தது. கடன் சரி!

சனிக்கிழமை கராஜ்காரர் சாம்பல் நிறக் காரின் சாவியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அம்மாவைக் காட்டினார். அம்மா அதை வாங்கினார்.

"எங்கையம்மா போறம்?"

"வேலையிடத்துக்கு. பாதையை ஒருக்காப் பாத்து வைப்பம்."

அரை மணி நேரம் எடுத்தது. வழியில் இரண்டு தரம் கார் நின்றுவிட்டது, பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமையற்கூடத்தின் வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"திங்கக்கிழமை வாறன்!" என்று பூட்டியிருந்த கேட்டைப் பார்த்துக் கத்தினார்.