வந்தது, அமர்ந்தது

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த விளக்க அட்டையிலும் அதே பிழை இருந்தது. மெய்ப்புத் திருத்துநர் சிவப்பு மையால் திருத்தியிருந்த இடங்களில் மட்டும் எழுத்தளவில் துளைகள் அரிக்கப்பட்டிருந்தன.

‘கறையான்கள் அழைத்தார்கள். மனிதன் வந்தது. அமர்ந்தது.’

மனிதர்க்கு உயர்திணை, மற்றவற்றிற்கு அஃறிணை. இதுகூடத் தெரியாதவளெல்லாம் கலைஞர். முப்பது ஆண்டுகளாகக் கலைக்கூடத்தின் அச்சுப்படிகளைத் திருத்திவந்த அவர், புதிய அட்டை ஒன்றைத் தாமே அச்சிட்டார். ஆறு மணிக்குக் கண்காட்சி திறக்கிறது. தம் கண்ணைத் தாண்டி இந்த அசிங்கம் சுவரேறக் கூடாது.

சிற்பி கண்ணாடி அறைக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே ஒரு மர நாற்காலி. முன்புறம் தவிர அதைச் சுற்றி ஆளுயரப் புற்று. இதற்குப் பெயர் சிற்பமாம்.

“ஏம்மா, மழைக்காவது பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியிருக்கியா?”

“அவங்க சொன்னபடிதான் எழுதினேன் சார்.”

“எவங்க?”

“உள்ள இருக்கறவங்க.”

“பூச்சிக்கு மரியாதை வேற.”

திருத்திய புதிய அட்டையுடன் அவரே உள்ளே சென்றார்; பின்னால் கதவு மூடிக்கொண்டது. ஈரமண்ணும் உளுத்த தாளும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. புற்றின் வயிற்றுக்குள்ளிருந்து, தேர்வறையில் நூறு பேனாக்கள் ஒருங்கே தாளில் உரசுவது போன்றதோர் ஓசை, அவர் நடந்தால் தயங்கியும் நின்றால் தொடர்ந்தும், கேட்டுக்கொண்டே இருந்தது. அட்டைக்குரிய பலகை நாற்காலிக்கு முன்னே முழங்காலளவில் இருந்தது. குனிய இடுப்பு இடங்கொடுக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒட்டினார்.

ஓசை நின்றது.

எழ முயன்றார். கால் வரவில்லை. செருப்பிலிருந்து கணுக்கால்வரை ஈரமான மண்கோடு ஏறியிருந்தது. அடுத்த காலிலும்.

அட்டையைப் பார்த்தார். ‘அமர்ந்தான்’. முதலில் ‘ன்’ மறைந்தது. அடுத்துத் துணைக்கால். எஞ்சிய ‘அமர்ந்த’ என்பதன் அருகில் ஈரமண் வளைந்து வளைந்து ஊர்ந்து, ‘து’ என நின்றது.

“கதவைத் திற.”

சிற்பி கண்ணாடியில் காதை வைத்தாள். அவரிடமன்று, புற்றிடம் பணிவாகச் சொன்னாள்:

“ஏதோ சத்தம் போடுதுங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

முழங்கால். மார்பு. கழுத்து.

‘நான் மனிதன்’ என்று சொல்ல அது வாயைத் திறந்தது. நாவின்மேல் மண் ஊர்ந்தது. கண்களை மட்டும் மண் இன்னும் எட்டவில்லை.

ஆறு மணி. கதவு திறந்தது.

பார்வையாளர்கள் வந்தன. நின்றன. கைதட்டின.