பதினோராவது குரல்

அவள் மிதித்த பாளம் 'டங்' என்று ஒலித்தது. அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. அந்தச் சுண்ணாம்புப் பாறை மேட்டில் பாதிக் கற்கள் அடியில் பிடிப்பில்லாமல்தான் கிடந்தன. கால் பட்டால் ஒரு பக்கம் சாய்ந்து, காலி அண்டாவைத் தட்டினாற்போல ஓசை எழுப்பின. அவள் அதைத் தாண்டி எட்டு அடி வைத்த பிறகு, அதே பாளம் மறுபடியும் 'டங்' என்றது.

எட்டு அடியா, ஒன்பதா? முதலில் வந்த சந்தேகம் அதுதான். தனக்குப் பின்னால் யாரும் இருக்க முடியாது என்பது அதற்கப்புறமே உறைத்தது. வரிசையில் அவள்தான் கடைசி.

திரும்பிப் பார்த்தாள். கண் கூசும் வெள்ளை. மரம் இல்லை, தண்ணீர் இல்லை. பெய்கிற மழையெல்லாம் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுமாம், மேலே ஓர் ஓடைகூட நிற்காதாம். கட்டைவிரல் அகலத்திலிருந்து ஓர் ஆள் அகலம் வரை பாறை எங்கும் பிளந்திருந்தது. வெயிலில் புதிதாக வெள்ளையடித்த அறையின் மணம் வந்தது. ஆனால் ஒவ்வொரு வெடிப்பைத் தாண்டும்போதும் கணுக்காலில் ஒரு குளிர் தொட்டது. நாள்கணக்கில் பிழியாமல் வைத்த துணியின் வாடை அதில் இருந்தது.

யாரும் இல்லை. அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

சொல்லாததற்குக் காரணம் காலையில் நடந்தது. வேனிலிருந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒருவரைக் காணோம் என்று அவள் கத்தி, வரிசை முழுவதும் நின்றுவிட்டது. காணாமல் போனதாக அவள் நினைத்தவர் ஆறடி தூரத்தில், ஒரு கல்லுக்குப் பின்னால் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். கூடப் படிக்கும் கண்டக்டர் அண்ணன் விடவில்லை. "ஆறடியில இருக்கிற ஆளைக் காணோம்னு ஊரைக் கூட்டுறியே தாயே! நீ நிலம் அளந்தா அடுத்தவன் வீடு நம்ம பேருக்கு வந்துடும். எனக்கு ஒண்ணு அளந்து குடு!" எல்லாரும் சிரித்தார்கள். வகுப்பெடுக்கும் சார் மட்டும் சிரிக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு மணி நேரம் ஆகியும் காது மடலில் அந்தச் சூடு இறங்கவில்லை.

அவர்கள் நில அளவை மாலை வகுப்பு மாணவர்கள், பன்னிரண்டு பேர். பகலில் ஆளுக்கொரு வேலை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டுகிறவள். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் நான்காவது முறை சந்தேகப்படுகிறவள். அன்றைய நடை மேட்டின் ஒரு பக்கச் சாலையிலிருந்து மறுபக்கச் சாலைக்கு. அறிவிப்பில் 'மிதமான நடை, ஒரு பகல்' என்று போட்டிருந்தது.

வழியில் அங்கங்கே அடையாளத்துக்கு அடுக்கிய கற்குவியல்கள் இருந்தன. ஒவ்வொரு குவியலிலும் சார் நிற்பார், "எண்ணுங்க" என்பார். வகுப்பில் எப்படியோ அப்படியேதான். வகுப்பில் அவர் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டே, திரும்பாமல், வருகை எடுப்பார். ஆளுக்கொரு எண், அவரவர் எண்ணை அவரவர் சொல்ல வேண்டும். இங்கும் யாரும் திரும்பக் கூடாது. "கண்ணு காலடியில இருக்கட்டும். குரல் வந்தா ஆள் வந்த மாதிரி."

பத்து, கண்டக்டர் அண்ணன். பதினொன்று, டெய்லர் அக்கா. பன்னிரண்டு, அவள்.

டெய்லர் அக்காவுக்குக் கடை அடைக்க ஆறரை ஆகும். வகுப்பு ஆறு மணிக்கு. ஆகவே வாரத்தில் மூன்று நாள் அக்காவுக்கான குரலையும் அவளே கொடுத்துவந்தாள். எப்போதும் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் அக்காவின் பேச்சு கொஞ்சம் அடைத்தாற்போல இருக்கும். அவள் தொண்டையை இறக்கி, கடைசியில் ஓர் இழுப்பு சேர்த்து, "பதினொண்ணூ" என்பாள். அந்த இழுப்பு அக்காவின் குரலில் கிடையாது. அவளாகப் போட்டது. சார் ஒரு முறைகூடத் திரும்பியதில்லை.

"துணி அளந்து அளந்து அலுத்துப் போச்சுடி, தரையையும் அளந்து பாத்துடுவோம்னு சேர்ந்தேன்" என்பாள் அக்கா. முழங்கால் வலிக்கு இந்த நடை வேண்டாம் என்று சார் சொன்னபோது, 'நான் பாத்துக்கறேன் சார்' என்று சொல்லி அழைத்து வந்தவள் அவள்தான்.

இரண்டாவது குவியலைத் தாண்டியதும் அக்கா ஒரு பாளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ நட. ரெண்டு நிமிஷம் காலை நீட்டிட்டு வந்துடறேன்."

"நான் கடைசி ஆளுக்கா. உங்களை விட்டுட்டு எப்படிப் போறது?"

"நீ நின்னா சாருக்குத் தெரிஞ்சிடும். வேணாம்னு சொன்ன மனுஷன், அப்பவே சொன்னேனேம்பார். போடி, பின்னாடியே வர்றேன்."

அவள் போனாள். மெதுவாகத்தான் போனாள். ஐம்பது அடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்ப்பது என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். மூன்று முறை பார்த்தபோதும் அக்காவின் நீலத் துப்பட்டா தெரிந்தது. நான்காவது முறை பார்ப்பதற்குள் மூன்றாவது குவியல் வந்துவிட்டது.

"எண்ணுங்க."

முன்னாலிருந்து எண்கள் வரிசையாக வந்தன. பத்து என்றார் கண்டக்டர் அண்ணன். பிறகு மௌனம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். சாரின் தோள் அசைந்தது. திரும்பப் போகிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போகிறார்.

"பதினொண்ணூ" என்று அவள் சொன்னாள். பிறகு தன் குரலில், "பன்னெண்டு."

"சரி, நட."

நினைத்துச் செய்யவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மற்றவர்கள் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள். நீலம் இல்லை. இருபது அடி பின்னால் ஓடி, "அக்கா" என்று கூப்பிட்டாள். சின்னக் குரலில். மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்கிற குரலில். ஓர் ஆளைத் தேடுகிறவள் கூப்பிடும் குரல் அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. பதில் இல்லை. அக்கா வேறு பாறை வரிசையில் குறுக்காக முன்னே போயிருக்கலாம். போயிருப்பாள். நிச்சயம் போயிருப்பாள்.

அடுத்த குவியலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தாள்: சார், அக்கா பின்தங்கிட்டாங்க, அவங்க நம்பரை நான்தான் சொன்னேன். நடக்க நடக்க அதைத் திருத்தினாள். இரண்டாம் பாதியை விட்டுவிடலாமா? 'அப்போ பதினொண்ணுன்னு சொன்னது யாரு?' என்று கேட்பாரே. மீண்டும் சேர்த்தாள். பின்னால் பாளங்கள் ஒலித்துக்கொண்டே வந்தன. அவள் காலுக்கு ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று. எதிரொலியாக இருக்கும். எதிரொலிக்கக் குன்று ஏது, சுவர் ஏது என்பதை அவள் யோசிக்கவில்லை.

நான்காவது குவியல்.

"எண்ணுங்க."

எட்டு. ஒன்பது. பத்து.

அவள் வாயைத் திறந்தாள்.

"பதினொண்ணூ."

அவளுக்குப் பின்னாலிருந்து. கையெட்டும் தூரத்திலிருந்து. அடைத்த தொண்டை, கடைசியில் அந்த இழுப்பு. அக்காவின் குரலாக இருந்தால் இழுப்பு இருக்காது. அது அக்கா இல்லை. அது அவள் போடும் அக்கா.

எல்லாரும் காத்திருந்தார்கள். பதினொரு விநாடிகள் என்று பிறகு நினைத்தாள்; இரண்டாகவும் இருக்கலாம்.

"பன்னெண்டு" என்றாள்.

"சரி, நட."

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை. நிம்மதி. இனிச் சொல்ல வேண்டியதில்லை என்கிற நிம்மதி.

திரும்பினாள். வெள்ளைக் கல். வெடிப்பு. வெடிப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பச்சைச் செடி ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

ஓடிப்போய்க் கண்டக்டர் அண்ணனின் பையைத் தொட்டாள்.

"அண்ணே, டெய்லர் அக்கா முன்னாடி போனாங்களா?"

"எனக்குப் பின்னாடி, உனக்கு முன்னாடி. இப்பத்தானே பதினொண்ணு சொன்னாங்க?"

"திரும்பிப் பாருங்கண்ணே. எனக்கு முன்னாடி யாருமில்ல."

அவர் திரும்பினார். அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே, பின்னால் பார்த்தார். சிரித்தார். "இதோ வர்றாங்களே, காலை இழுத்துக்கிட்டு. மறுபடியும் ஆறடிக் கதையா? வேணாம் தாயே, சார் அழுதுடுவார்." நடந்துவிட்டார்.

அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றாள். திருப்பினாள். யாரும் இல்லை.

அப்போதுதான் ஓடினாள். வந்த வழியே. யாரிடமும் சொல்லாமல். பத்து நிமிஷத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்திலும் அந்த நினைப்புதான்.

மூன்றாவது குவியல். நூற்றைம்பது அடி. இருநூறு. வெயில் உச்சந்தலையில். எல்லாப் பாளமும் ஒன்றுபோல. அவள் காலுக்குக் கீழே மட்டும் ஒலி. பின்னால் எதுவும் வரவில்லை. வராதது இன்னும் மோசமாக இருந்தது. இரண்டாவது ஒலி அவளைவிட்டு அவர்களோடு போய்விட்டது.

அக்கா உட்கார்ந்த பாளம் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் செடிகள் மூடிய வெடிப்பு. செடிகள் நசுங்கியிருந்தன.

உள்ளிருந்து, மிகப் பொறுமையாக, ஒரு குரல்.

"பதினொண்ணு."

இழுப்பு இல்லை.

குப்புறப் படுத்து, செடிகளை விலக்கி, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். குளிர். ஈரக் கல். பிறகு விரல்கள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன நுனிகள்.

"வந்துட்டியா" என்றாள் அக்கா கீழிருந்து. "கல்லு சாஞ்சுது. கால் மாட்டிக்கிட்டு. ஒவ்வொரு தடவை சார் எண்ணச் சொன்னப்பவும் சொன்னேன்டி. இங்கேருந்து எல்லாம் கேக்குது. நான் சொல்றதுதான் மேல வரல போல."

"அக்கா..."

"மொத தடவை என் நம்பரை நீ சொன்னது கேட்டுது. சரி, சமாளிக்கிறா, வந்துடுவான்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் ஏண்டி சொன்னே?"

அது நானில்லை என்று சொன்னால் பொய்போல இருக்கும். நான்தான் என்று சொன்னாலும் பொய். முதல் தடவையை மட்டும் எப்படிப் பிரித்து ஒப்புக்கொள்வது?

தொலைவில் "எண்ணுங்க" என்றது சாரின் குரல். அந்த மேட்டில் சத்தத்தைத் தடுக்க ஒன்றுமே இல்லை. ஐந்தாவது குவியல், கடைசிக் குவியல். அதைத் தாண்டினால் சரிவு, சரிவுக்குக் கீழே வேன். கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். விளிம்பில் சின்னச் சின்ன முதுகுகள். எண்கள் மிதந்து வந்தன. ஒன்பது. பத்து.

"பதினொண்ணூ."

"பன்னெண்டு."

அவள் குரல். கொஞ்சம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும் அதே குரல். அவள் உதடு அசையவில்லை.

முதுகுகளை எண்ணினாள். சார் ஒன்று. மற்றவர்கள் பன்னிரண்டு. திரும்ப எண்ணினாள். பன்னிரண்டு.

அப்போது கத்தினாள். பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. "சார்! நில்லுங்க! அக்கா இங்க இருக்காங்க! நான் பொய் சொன்னேன் சார்! அவங்க நம்பரை நான்தான் சொன்னேன்!"

முதுகுகள் நின்றன. கேட்டுவிட்டது. கேட்டேவிட்டது.

"யாரு கத்துனது?" என்றார் சார், திரும்பாமல்.

"நான்தான் சார்" என்றது வரிசையின் கடைசி. தயங்கித் தயங்கி, காது மடல் சிவந்திருக்கும் என்று தோன்றும்படி. "மறுபடியும் தப்பா எண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க சார்."

கண்டக்டர் அண்ணன் ஏதோ சொன்னார். சிரிப்பு கிளம்பியது. எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் நின்ற இரண்டும் சிரித்தன.

"சரி, நட."

கீழே விரல்கள் அவள் கையை இறுக்கின. "யாரோ சிரிக்கிற மாதிரி கேட்டுதே. என்னடி, வர்றாங்களா?"

"வர்றாங்கக்கா" என்றாள் அவள்.

முதுகுகள் ஒவ்வொன்றாகச் சரிவுக்குள் இறங்கின. கால்கள் மறைந்தன, இடுப்பு மறைந்தது, தலை மறைந்தது. கடைசிக்கு முந்தியது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியது. கடைசி அதன் தோளை அக்கறையாகத் தாங்கிக்கொண்டது, அவள் தாங்கியிருக்க வேண்டிய விதத்தில், ஓர் அடிகூட விலகாமல்.