தாழிக்குள் வெதுவெதுப்பு

மண் வெதுவெதுப்பாக இருந்தது. தாழிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த ஜெஸ்லின் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டாள். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து இந்த முதுமக்கள் தாழியை முழுசாகப் பெயர்த்து வந்து நாலு நாள் ஆகிறது. அன்றிலிருந்து சங்கரன்கோவிலில் வாடகைக்கு எடுத்த இந்தப் பழைய பஞ்சுக் கிட்டங்கியில், வெயில் எட்டாத மூலையில்தான் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், இரண்டு முழ அகலம். சித்திரை மாதத்திலும் உள்ளே குளிரும். மண் மட்டும் எப்படிச் சுடும்?

களைப்பு, வேறென்ன. ஏழுமாத வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து மண் அள்ளினால் கையும் காந்தும், காலும் காந்தும். அகழாய்வுக் குழுவில் அவளுக்குத் தற்காலிக வேலை. இந்தத் தாழியைக் காலி செய்து கொடுத்துவிட்டு லீவில் போ என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் தாழியை ஏற்றிப்போக லாரி வந்துவிடும். இத்தனைக்கும் இது ஏற்கெனவே கலைந்த தாழி. மேல்மண்ணிலேயே சோடா பாட்டில் கண்ணாடி கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முன் எவனோ திறந்திருக்கிறான். திறந்தவன் மண்ணை இறுகத் திணித்து மூடியும் போயிருக்கிறான்.

வாசலோரம் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் சல்லடையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மேடம், சீம்பால் வாடை அடிக்கி."

"உங்களுக்கு எந்நேரமும் மாட்டு நெனப்புதாங்கா."

சொன்னாளே தவிர, அவளுக்கும் அந்த வாடை வந்தது. தித்திப்பும் கவிச்சியுமாக, தொண்டையில் ஒட்டுகிற வாடை.

நோட்டில் முன்பக்கம் தாழியின் ஆழம், பின்பக்கம் பிள்ளையின் அசைவு. இரண்டுமணி நேரத்தில் பத்து உதைக்குக் குறைந்தால் ஓடிவா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதல்நாள், பத்து சென்டிமீட்டர் மண் எடுத்த அன்று, அரைமணியில் பத்து உதை. பாதித் தாழி காலியான அன்று அதற்கு இரண்டுமணி நேரம் ஆனது. இன்று காலையிலிருந்து மூன்றே மூன்று. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதுவும் போனால் அவளால் தாங்க முடியாது. இப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அடிமண் இன்னும் ஒரு சாண்தான் பாக்கி, முடித்துவிட்டால் நேராக ஆஸ்பத்திரி, பிறகு படுக்கை.

"ஏலே, அப்பன் மாதிரி தூங்குதியா," என்று வயிற்றைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி குனிந்தாள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்கத் தடதடத்துக்கொண்டிருந்த விசைத்தறிகள் மொத்தமாக ஓய்ந்தன. அந்த அமைதியில் அவள் கரண்டியால் சுரண்டும் சத்தம் தாழிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் நிறுத்திய பிறகும் கொஞ்சநேரம் சுற்றியது.

கடைசிக் கை மண்ணையும் வழித்து எடுத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். எலும்பு இல்லை. பல் இல்லை. ஒரு பாசிமணிகூட இல்லை. உள்சுவர் மட்டும் வியர்த்திருந்தது.

நிமிர்ந்து வயிற்றில் கை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

"அக்கா," என்றாள். "அக்கா, பிள்ள அசையல."

பேச்சித்தாய் சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "எப்பயிருந்து?"

"தெரியல. காலையில அசைஞ்சிச்சு."

"ஏம்மா, இம்புட்டு நேரம் வாயத் தெறக்காம இருந்திருக்கியே. அங்கனயே உக்காரு. ஆட்டோ கூட்டிட்டு வாரேன்."

செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது. ஜெஸ்லின் தரையில் உட்கார்ந்து தாழியில் சாய்ந்தாள். இடப்பக்கமாகச் சரிந்தாள். தண்ணீர் குடித்தாள். வயிற்றை அழுத்தினாள். மாதாவே, ஒன்றே ஒன்று. ஒரே ஒரு உதை.

வந்தது.

முதுகில்.

மெல்லத் திரும்பித் தாழியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு. ஓடு மெல்லப் புடைத்து அடங்கியது. குதிகால். எத்தனை ராத்திரி விரலால் தடவிய அதே குதிகால். இரண்டு. மூன்று. நான்கு.

கையை எடுத்தாள். நின்றுவிட்டது.

பயந்துபோய் மறுபடி வைத்தாள்.

ஐந்து.

வாசலில் ஆட்டோ உறுமியது. பேச்சித்தாய் உள்ளே ஓடிவந்து, அப்படியே நின்றுவிட்டாள். ஜெஸ்லின் இரண்டு கைகளாலும் தாழியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் பதித்திருந்தாள். முந்தானை விலகித் தெரிந்த அவள் வயிறு, அணைந்த அடுப்புச் சாம்பலின் நிறத்தில் இருந்தது.

"ஏம்மா, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சத்தம் போடாதீங்கக்கா," என்றாள் ஜெஸ்லின். "இப்பதான் அசையுது."